மீசை இல்லை, ஆகவே

"ஆடிப்போட்டீங்களே சாமி!" என்று மாசாணம் கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

திருமூர்த்தி ஆடவில்லை. சவரக்கடை நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் கல்லைப் போல உட்காருகிறவன். கண்ணாடியில் பார்த்தான். மீசையின் வலது பாதி அதன் இடத்தில் இருந்தது. இடது பாதியில் மூக்கை ஒட்டிக் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. மீதி, மடியில் விரித்திருந்த துணியில் கிடந்தது.

"நான் எங்கீங்க ஆடினேன்?"

"பின்னே கத்தி தானாப் போகுமுங்களா? கத்தி போயிருக்குது. அப்ப நீங்க ஆடியிருக்கோணும்."

திருமூர்த்தி இதைப் பற்றி யோசித்தான். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் தர்க்கம் சொல்லிக் கொடுக்கிற டியூட்டர் அவன். கத்தி போனது, ஆகவே ஆள் ஆடினார் என்கிற மாதிரியான முடிவுகளில் உள்ள ஓட்டையைக் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. மாசாணத்துக்கும் காட்டியிருக்கலாம். ஆனால் கத்தி அவர் கையில் இருந்தது. தவிர, பேசுவதற்கு முன் நன்றாக யோசிக்கிறவன் அவன். யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கேயோ போய்விட்டிருக்கும்.

இப்போதும் அப்படித்தான் ஆனது.

"பதறாதீங்க. ஈடு கட்டிப்போடறேன்" என்று சொல்லி, மாசாணம் இடது பக்கத்துக்குச் சமமாக வலது பக்கத்தைக் குறைத்தார். வலது பக்கம் ஒரு நூல் அதிகமாகக் குறைந்துவிட்டது. அதற்குச் சமமாக இடது பக்கத்தைக் குறைத்தார். இரண்டு பக்கமும் மாறி மாறிக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு பொட்டில் வந்து நின்றது.

"சீமையில இப்ப இதுதானுங்க பேசன்."

திருமூர்த்தி கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தான். ஈ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஓட்டினால் பறக்காத ஈ.

"முழுசா எடுத்துருங்க."

மாசாணத்தின் கை நின்றுவிட்டது. "முழுசாவுங்களா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏனுங்க, சூலூர்ல உங்கய்யன் சௌக்கியமா இருக்காருங்கல்லொ?"

"இருக்கார். அதுக்கென்ன?"

"அய்யன் போய்ச் சேந்தாத்தானுங்க மகன் மீசையை எடுக்கறது. அவரு குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப எடுத்தா ஊருல என்ன நெனைப்பாங்க?"

"அய்யன் செத்தா மீசை போகும். சரி. மீசை போனா அய்யன் செத்திருக்கோணும்னு யார் சொன்னது? மழை பேஞ்சா தெரு நனையும். தெரு நனைஞ்சிருந்தா மழைதான் பேஞ்சுதுன்னு சொல்ல முடியுமா? சிறுவாணிக் குழாய் ஒடைஞ்சிருக்கலாம்."

"நீங்க படிச்சவங்க" என்றார் மாசாணம். பொட்டும் போயிற்று.

"வியாழக்கிழமை எனக்குக் கல்யாணம். அதுக்குள்ள மொளைச்சிருமுங்களா?"

"அரும்பு கட்டுமுங்க."

வியாழக்கிழமை என்று சொன்னபோதே அவனுக்குப் பெண்ணின் ஞாபகம் வந்துவிட்டது. துடியலூர் ஈஸ்வரமூர்த்தி கவுண்டரின் மகள் ராசாத்தாளை அவன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தான். பெண் பார்க்கப் போனபோது அவள் தலையைக் குனிந்தபடி வந்து, குனிந்தபடி நின்று, குனிந்தபடியே உள்ளே போனாள். அந்தக் கழுத்து வளைந்திருந்த விதத்தை அவன் அதற்குப் பிறகு மறக்கவில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்தால் அதுதான் இருந்தது. இத்தனை வெட்கப்படுகிற பெண்ணுக்கு நம்மைப் பிடித்துப்போயிருக்கிறது என்று முடிவு செய்திருந்தான்.

தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

ஒப்பணக்காரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், கனகம்மாள் வீட்டின் பின்கட்டு அறையில் அவன் குடியிருந்தான். கனகம்மாள் வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். குழாயை மூட மறந்துவிட்டாள்.

"அய்யோ தேவுடா! எப்பக் கண்ணு?"

"இப்பத்தானுங்கம்மா. கால் மணி நேரம் ஆச்சு."

"அங்கேயே நில்லு!"

நின்றான். ஏன் என்று யோசிப்பதற்குள் நிறைகுடம் தண்ணீர் தலைப்பாகையோடு சேர்த்து அவன் மேல் இறங்கியது. சிறுவாணித் தண்ணீர் நல்ல குளிர்ச்சி.

"எழவுக்காரன் நனையாம ஊட்டுக்குள்ள வரக்கூடாது சாமி. கோவிச்சுக்காதே." கனகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது குடத்தை எடுத்தாள். "ஆத்தாளும் இல்லை. இப்ப அய்யனும் போயிட்டாரா? கல்யாணத்தைப் பார்க்கறதுக்குக் குடுத்து வெக்கலையே அந்த மனுசனுக்கு!"

"கனகம்மா, எங்கய்யன் நல்லா இருக்கார்!"

"நல்லாத்தான் இருப்பாரு கண்ணு. போன எடத்துல நல்லாத்தான் இருப்பாரு."

"எங்கேயும் போகலை. சூலூர்ல இருக்கார்."

கனகம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "மனசு இன்னும் ஒத்துக்கலை. ஆருக்கும் அப்படித்தான் இருக்கும். நாம எதுத்துப் பேசக்கூடாது."

திருமூர்த்தி உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டான். தலைப்பாகை பிழியப் பிழியத் தண்ணீராக இருந்தது. வேறு தலைப்பாகை கிடையாது. ஒருவகையில் நல்லதுதான் என்று தோன்றியது. துக்கக்காரன் தலையையும் அல்லவா மழித்துக்கொள்வான்? வெறும் தலையோடு போனால் முடி தெரியும். முடியைப் பார்க்கிறவனுக்கு உண்மை விளங்கும். இது தர்க்கம்.

தெருவில் இறங்கிப் பத்தடி போனதும் எதிரே வந்த பெரியவர் ஒருவர் தம் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். தலைப்பாகை இல்லாமல் வெளியே போகிறவன் சாவு வீட்டுக்காரன் என்பதைத் திருமூர்த்தி அப்போதுதான் நினைத்துப் பார்த்தான்.

"முடியை எடுக்கலையாட்ட இருக்குதே" என்றார் இன்னொருவர்.

"காலேசுல வேலைங்க. வெள்ளைக்காரன் ஒத்துக்க மாட்டான்" என்று பெரியவர் அவருக்கு விளக்கம் சொன்னார்.

கல்லூரியில் உதவி பிரின்ஸிபால் நரசிம்மலு வராந்தாவில் நின்றிருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மனசு. திருமூர்த்தியின் வெறும் தலையையும், வெறும் உதட்டையும், காதோரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தோளைப் பிடித்து வகுப்புக்குள் அழைத்துக்கொண்டு போனார்.

"நம் திருமூர்த்தியின் தகப்பனார் காலமாகிவிட்டார். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நில்லுங்கள்."

வகுப்பு எழுந்து நின்றது. திருமூர்த்தி வாயைத் திறந்தான். ஆனால் மௌனம் தொடங்கிவிட்டது. ஒரு மௌனத்தை அவன் தானாக முன்வந்து கலைத்தது அவன் வாழ்க்கையில் கிடையாது. வெளியே வேப்பமரத்தில் ஒரு காகம் கத்தி ஓய்ந்தது. எங்கேயோ மில் சங்கு ஊதியது. அவனும் நின்றான். நிற்க நிற்க, கிணற்றடியில் மாட்டை ஓட்டுகிற அய்யனின் குரலும், முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனதும் ஞாபகம் வந்தன. இரண்டாவது நிமிஷத்தில் அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பையன்கள் அதைப் பார்த்தார்கள். நரசிம்மலுவும் பார்த்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் அவன் சொன்னான். "சார், எங்கப்பா சாகவில்லை."

"நீங்களும் எழுந்து நின்றீர்களே, மிஸ்டர் திருமூர்த்தி."

"மரியாதைக்காக நின்றேன் சார்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். நல்ல மகன்."

"கொஞ்சம் கேளுங்கள் சார். தகப்பன் இறந்தால் மகன் மீசையை எடுக்கிறான். இது மெய். நான் மீசையை எடுத்திருக்கிறேன். இதுவும் மெய். ஆகவே என் தகப்பன் இறந்தார் என்று முடிவு செய்தால் அது வெறும் ஊகம். ஊகம் தர்க்கம் ஆகாது. பின்வருவதை வைத்து முன்னதை நிறுவ முடியாது."

நரசிம்மலுவின் கண்கள் கலங்கின. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த நிலையிலும் பாடத்தை விடவில்லை பாருங்கள்" என்று பக்கத்தில் வந்த கணக்கு வாத்தியாரிடம் சொன்னார். "வீட்டுக்குப் போங்கள் திருமூர்த்தி. காரியம் முடிகிறவரை கல்லூரிப் பக்கம் வர வேண்டாம்."

அதுவரை திருமூர்த்திக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஊர் என்ன நினைத்தால் என்ன, அய்யன் உயிரோடு இருக்கிறார், என்றைக்காவது ஒருநாள் ஊர் அவரைப் பார்க்கத்தான் போகிறது. பயம் கல்லூரி வாசலில் சைக்கிளில் வந்தது.

கரீம் பாய் ஜவுளி வியாபாரி. சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் சாலை நெடுக வீடு வீடாகப் போகிறவர். ராசாத்தாளின் கல்யாணச் சேலைகளும் அவர் கொடுத்தவைதான். திருமூர்த்தியைப் பார்த்ததும் ஒற்றைக் காலை ஊன்றி நின்றார். உதட்டைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி மறுபடியும் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார்.

"தம்பி, துடியலூருக்குத்தான் போறேன். பொண்ணு ஊட்டுல ஏதாச்சும் சொல்லோணுமா?"

திருமூர்த்தி சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "அய்யய்யோ, ஒண்ணும் சொல்லீராதீங்க பாய்! மீசை சமாச்சாரம் அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்!"

கரீம் பாய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "புரிஞ்சுது தம்பி" என்றார். பிறகு வழக்கத்தைவிட வேகமாக மிதித்துக்கொண்டு போனார்.

திருமூர்த்தி அங்கேயே நின்று யோசித்தான். மாசாணம் முதல் நரசிம்மலு வரை இன்றைக்கு அவன் உதட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். கரீம் பாயும் உதட்டைப் பார்த்தார். ஆகவே கரீம் பாயும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார். இதில் ஓட்டை எதுவும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் சாவு விழுந்தால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஒரு வருஷம் யார் காத்திருப்பார்கள்? பெண்ணுக்கு மாமன் மகன் ஒருத்தன் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறான். குறித்த முகூர்த்தம், நட்ட பந்தக்கால், வாங்கிய சேலை எதுவும் வீண்போக வேண்டாம் என்று வியாழக்கிழமையே அவனை மணையில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தக் கழுத்து அவனுக்கு முன்னால் குனியும்.

தானே ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் இன்றைக்குத் தன் வாயால் சொன்னது எதையும் ஒருவரும் நம்பவில்லை. அய்யனையே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கண்ணுக்கு நேரே நிற்கிற மனிதனுக்கு எதிராக ஊகம் செல்லாது.

சூலூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் பங்காரு தெரிந்தவர். ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"பங்காரண்ணா, எங்கய்யனை நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல கூட்டியாரோணும். ரொம்ப அவசரம்."

பங்காரு அவன் உதட்டைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். "உங்க... அய்யனையா?"

"ஆமாங்க."

"பஸ்ஸுலயா?"

"முன்சீட்டுல ஒக்கார வைங்க. வயசானவர்."

பங்காரு சட்டென்று கியரைப் போட்டார். பஸ் ஒரு குதி குதித்துக் கிளம்பியது.

மறுநாள் காலை அவன் அய்யன் அங்கப்பன் வந்து சேர்ந்தார். ஆறடி உயரம். வெள்ளை வெளேரென்று மீசை, இரண்டு பக்கமும் முறுக்கி விட்டது. வரும்போதே கையில் குடையை ஓங்கிக்கொண்டுதான் வந்தார்.

"ஏண்டா, நான் உசுரோட இருக்கறப்பவே எனக்கு மீசை எடுத்துப்போட்டயாமா?"

"அய்யா, சவரக்கடையில கத்தி..."

"பங்காரு என்னையக் கண்டதும் பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திப்போட்டுக் குதிச்சு ஓடறான்! எட்ட நின்னுக்கிட்டு, 'கால் தரையில படுதுங்களா, காட்டுங்க'ங்கறான்! செருப்பைக் கழட்டிக் காட்டினதுக்கப்பறந்தான் சமாச்சாரத்தைச் சொல்லி வண்டியை எடுத்தான். முன்சீட்டுல என்னையத் தவிர ஒருத்தன் ஒக்காரலை. பஸ்ஸே பின்னால போய் நின்னுது!"

சத்தம் கேட்டுக் கனகம்மாள் வந்தாள். அங்கப்பனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வாங்க. அப்படியே அவரு சாடைதான். செத்தவருக்கு அண்ணனுங்களா?"

"எந்தச் செத்தவன்?"

"நம்ம திருமூர்த்தியோட அய்யனுங்க."

"நாந்தானுங்க திருமூர்த்தியோட அய்யன்!"

"அப்படித்தானுங்க சொல்லோணும்." கனகம்மாள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "இனி நீங்கதானே அவனுக்கு அய்யன். பெரியப்பன்னு வேத்துமை பாக்காம, புள்ளைக்கு ஆறுதலா இருங்க."

அங்கப்பன் மகனைப் பார்த்தார். "ஏண்டா, நீ இவங்ககிட்ட உங்கய்யன் எப்புடி இருப்பான்னு ஒருநாளாச்சும் சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. இந்த வீட்டில் குடிவந்ததிலிருந்து வாடகைக்கும் வெந்நீருக்கும் தவிர அவன் கனகம்மாளிடம் வாய் திறந்ததில்லை.

அந்தச் சமயத்தில் ஜட்கா ஒன்று வாசலில் வந்து நின்றது. நரசிம்மலு இறங்கினார். அங்கப்பனுக்கு எதிரே வந்து, துக்கம் கேட்கிறவர்கள் நீட்டுவது போல இரண்டு கைகளையும் நீட்டினார். அங்கப்பன் பழக்க தோஷத்தில் அந்தக் கைகளைத் தொட்டுவிட்டார். தொட்டால் துக்கத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்பது தொட்ட பிறகுதான் உறைத்து, சட்டென்று கையை உதறினார்.

"ஐயா, கூடப்பிறந்தவரை இழந்து நிற்கிறீர்கள்" என்றார் நரசிம்மலு.

"எனக்குக் கூடப்பொறந்த அண்ணனே கெடையாதுங்க!"

"அப்படியானால் தம்பி."

"தம்பியும் கெடையாது! நான் ஒத்தைக்கு ஒருத்தன்!"

நரசிம்மலு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கனகம்மாளிடம் தணிந்த குரலில், "ரொம்ப நெருக்கமான பங்காளி போலிருக்கிறது. அதிர்ச்சி இவரையும் விடவில்லை" என்றார்.

"குடும்பமே அப்படித்தானுங்க" என்றாள் கனகம்மாள்.

அங்கப்பன் குடையைக் கீழே போட்டார். சூலூரில் அவர் ஒரு சொல் சொன்னால் ஊரே கேட்கும். இங்கே தாம் உயிரோடு இருப்பதையே ஒருவரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். முகத்தில் இருந்த கோபம் இறங்கி, ஒரு மாதிரியான திகைப்பு வந்தது. மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கையைக் கிள்ளிப் பார்த்தாரோ என்னவோ, திருமூர்த்திக்குச் சரியாகத் தெரியவில்லை.

"ஏண்டா, நான் நல்லாத்தானே இருக்கறேன்?"

"நல்லா இருக்கறீங்கய்யா."

"அப்ப கெளம்பு. துடியலூருக்குப் போலாம். ஈஸ்வரமூர்த்திக்கு என்னைய நல்லாத் தெரியும். அந்த ஊட்டுலயாச்சும் நான் உசுரோட இருக்கோணும்."

நரசிம்மலு வந்த ஜட்காவிலேயே ஏறிக்கொண்டார்கள். நரசிம்மலு தடுக்கவில்லை. பேரூருக்குத்தான் போகிறார்கள், ஆற்றில் காரியம் செய்ய, என்று அவரே கனகம்மாளுக்கு விளக்கியது வண்டி திரும்பும்போது காதில் விழுந்தது.

மேட்டுப்பாளையம் சாலையில் புளியமர நிழல்கள் வண்டிக்குள் வந்து வந்து போயின. இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது திருமூர்த்திக்குப் பழக்கம். அய்யன் பேசாமல் இருப்பது புதிது. ரயில் கேட்டைத் தாண்டிய பிறகு அங்கப்பன் கேட்டார்.

"அந்தப் புள்ளையை உனக்கு அத்தனை புடிச்சிருக்குதா?"

திருமூர்த்தி வெளியே பார்த்தான்.

"வாயைத் தொறந்து சொல்றா. நீ பேசாம இருந்து இருந்துதான் என்னையக் கொன்னுபோட்டாங்க."

"ஆமாங்கய்யா. ரொம்பப் புடிச்சிருக்குது."

அங்கப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மீசையை இன்னும் ஒருமுறை முறுக்கி விட்டார். சாகாத மனிதனாகத் தெரிவதற்குத் தம்மால் ஆனதைச் செய்தார்.

துடியலூரில் ஈஸ்வரமூர்த்தி கவுண்டர் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டபடியே இருந்தது. மாவிலை வாடவில்லை. திருமூர்த்திக்கு மூச்சு வந்தது. இன்னும் ஒன்றும் கைமீறிவிடவில்லை. ஆனால் காளைகளையும் காணோம், வில்வண்டியையும் காணோம். கவுண்டர் வீட்டில் இல்லை என்று தெரிந்தது.

அவருடைய தங்கை சின்னாத்தாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கல்யாண வேலைக்கென்று வந்து தங்கியிருந்தவள்.

"வாங்க சம்மந்தி. வாங்க மாப்பிள்ளை." திருமூர்த்தியின் உதட்டைப் பார்த்ததும் அவள் வாயில் சிரிப்பு வந்தது. முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

அழவில்லை. அலறவில்லை. கைகளை நீட்டவில்லை. அங்கப்பன் இதைக் கவனிக்கவில்லை. வாசலின் நடுவே, வெயிலில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"அம்மணி, நல்லாப் பாத்துக்குங்க. நான் சாகலை!"

சின்னாத்தாள் மிரண்டு போனாள். "ஏனுங்க, நீங்க எதுக்குங்க சாகோணும்?"

"சாகலைன்னுதான் சொல்றேன். எம்மகன் மீசையை எடுத்தது நான் செத்ததுக்கில்லை. உங்கண்ணன் துக்கங் கேக்கத்தானே சூலூருக்கு வண்டி கட்டிட்டுப் போயிருக்காரு?"

"சூலூருக்குத்தானுங்க போயிருக்காரு. துக்கமெல்லாம் இல்லீங்க. நீங்க செத்துட்டீங்கன்னு ஆரு சொன்னது?"

"கரீம் பாய் வந்து சொல்லலையா?" என்று திருமூர்த்தி கேட்டான். யோசிக்காமல் அவன் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"பாய் வந்தாருங்க. மீசை போனதைச் சொன்னாருங்க. அவங்க சாதியில அய்யன் செத்தா மீசை எடுக்கறதுண்டுங்களா? அவருக்கு அதெல்லாம் எங்க தோணும்?" சின்னாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "சிங்காநல்லூர்ல புதுசாப் படம் புடிக்கற கொட்டாய் போட்டிருக்காங்களே, அதுக்குப் பட்டுத்துணி போடறது நம்ம பாய்தானுங்களாமா. அங்க உள்ளே போற ஆம்பளைக்கு மொதல்ல மீசையத்தான் எடுப்பாங்களாமா. அப்பறந்தான் வேசங் கட்டுவாங்களாமா. மாப்பிள்ளையைப் பாத்ததுமே அவருக்கு வெளங்கிப்போச்சு. அதுலயும் பொண்ணு ஊட்டுக்குத் தெரியவே வேண்டாம்னு மாப்பிள்ளை கெஞ்சுனீங்களாமே?"

திருமூர்த்தி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணனுக்கு வந்துதே கோபம்! கூத்தாடிக்கெல்லாம் பொண்ணைக் குடுக்க முடியாது, நெசமான்னு சம்மந்திகிட்டயே நேருல கேட்டுப்போட்டு வாரேன்னு விடிஞ்சும் விடியாம வண்டி பூட்டிட்டுப் போயிட்டாருங்க."

அங்கப்பனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரிக்கவே இல்லை. செத்தவன் எங்கே சிரிப்பான்?

"அட, இத்தனைதானுங்களா! நான் எதையோ நெனைச்சுப் பயந்துபோட்டேன்!" சூலூரில் கிணற்றடியிலிருந்து களத்துமேட்டுக்குக் கேட்கிற அவருடைய குரல் திரும்பி வந்துவிட்டது. "எம்மகனாவது, சினிமாவாவது! நாலு பேரு முன்னால வாயைத் தொறக்க மாட்டான் அம்மணி! சவரக்கடைக்காரன் கை தவறிப் போச்சு, அத்தனைதான். அதே காலேசு, அதே வாத்தியாரு வேலை. உங்கண்ணன் ஒண்ணும் பயப்பட வேண்டியதில்லை!"

உள்ளே யாரோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். வளையல் சத்தமும் கேட்டது. ராசாத்தாளாகத்தான் இருக்கும் என்று திருமூர்த்தி ஊகித்தான். நாம் வந்தது தெரிந்துவிட்டது, அதனால்தான் பாட்டு. அவன் உதட்டில், மீசை இருந்த இடத்தில், முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது.

சின்னாத்தாள் ஓடிவந்து அங்கப்பனின் வாய்க்கு நேரே கையை நீட்டினாள்.

"மெதுவாப் பேசுங்க சம்மந்தி! இந்த வாத்தியாரு வேண்டவே வேண்டாம்னு ஒரு மாசமா அன்னந்தண்ணி இல்லாம மூலையில கெடந்த புள்ளை, மாப்பிள்ளை சினிமாக்காரருன்னு பாய் சொன்னதைக் கேட்டுத்தானுங்க நேத்து எந்திரிச்சுத் தலை சீவுச்சு!"